சிற்றலைப் பெட்டியைக் கையாளும் முறை

இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதி அன்பர்கள் பலர், சிற்றலை வானொலிப் பெட்டி கரகரக்கிறதென்று நம்மிடம் குறைகூறுவதுண்டு. குற்றம் பெரும்பாலும் பெட்டியினது அன்று. ஆலை மோட்டார்களும் மின்கம்பிகளும் எழுப்பும் இரைச்சலே அது. இரும்புக் கூரையை விட்டு வெளிவந்து, மின்கலத்தில் இயக்கி, ஏரியலை முழுதும் நீட்டுக. பகலில் 19, 25 மீட்டர்களிலும் இரவில் 41, 49 மீட்டர்களிலும் தேடுதல் நலம். முள்ளை மயிரிழையளவே நகர்த்துதல் வேண்டும். அறுந்த இழை முடியும் கைகளுக்கு இதனைச் சொல்லவும் வேண்டுமோ!

2017 இறுதியில் ஓகி புயல் வீசியபோது, ஆழ்கடலிலிருந்த குமரி மீனவர் பலருக்கு எச்சரிக்கை எட்டவில்லை. கைப்பேசிக் கோபுரத்தின் அலை கடலில் நெடுந்தூரம் செல்லாது. சிற்றலையோ வான்மண்டலத்திற் பட்டுத் திரும்பி ஆயிரம் மைல்களையும் கடக்கும். உப்புக்காற்று தகடுகளை அரிக்குமாதலால், படகிற் செல்லும் பெட்டிக்கு மெழுகுத்துணி உறையும் மாற்றுக் கலங்களும் உடன் செல்லட்டும்.