மழைக்கு முன்னால் பெட்டியைத் திறந்து பாருங்கள்



கரிவலம்வந்தநல்லூரில் ஆவணித் தபசு முடிந்தால் அடுத்து புரட்டாசி வெயில். அதையும் தாண்டினால் ஐப்பசி, கார்த்திகை மழை. மழை பிடிப்பதற்கு முன்னால் செய்து முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. டிரங்குப் பெட்டியிலும் பீரோவிலும் கிடக்கிற துணிமணிகளை வெளியே எடுத்துப் பார்க்க வேண்டும்.

"துணிய மடிச்சு வைக்கக்கூடவா எங்களுக்குத் தெரியாது?" என்று கேட்பீர்கள். மடிக்கத் தெரியும்தான். ஆனால் குழுவில் கடன் வாங்கி எடுத்த பட்டுச் சேலை, தவணை முடிவதற்குள் ஓட்டை விழுந்து போனால் மனசு எப்படி இருக்கும்? பிறந்த பிள்ளை இருக்கிற வீட்டிலோ இது பணத்தோடு முடிகிற விஷயம் இல்லை. அதைப் பின்னால் சொல்கிறோம்.

வடநாட்டைப் போல நமக்கு மாதக்கணக்கில் குளிர் கிடையாது. வருசத்தில் கொஞ்ச நாள் மட்டும் எடுத்துவிட்டு மற்ற நாளெல்லாம் பெட்டியில் தூங்குகிற துணிகள்தான் நமக்குச் சிக்கல். மார்கழிக்குப் பிள்ளைகளின் ஸ்வெட்டர், குல்லா, தாத்தாவின் கம்பளி, அடைமழைக்கு எடுக்கிற கனத்த போர்வை, கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் கட்டுகிற பட்டு.

துணியை அரிப்பது எது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. பெட்டியைத் திறந்ததும் பறக்கிற அந்துப்பூச்சி துணியைத் தின்பதில்லை. அது இடுகிற முட்டையிலிருந்து வருகிற புழுதான் தின்னும். கம்பளி ஆட்டு ரோமம், பட்டு புழுவின் நூல். இரண்டுமே உயிரிலிருந்து வந்தவை என்பதால் அந்தப் புழுவுக்கு இவைதான் சாப்பாடு. பருத்தியை அது பெரும்பாலும் தொடாது. ஆனால் வேர்வை ஊறிய இடம், குழம்புக் கறை பட்ட இடம் இருந்தால் அதையும் விடாது. "ஒரு தடவதான கட்டினேன், அப்படியே வைப்போம்" என்று மடித்து வைக்கிற சேலையில் கழுத்துப் பக்கமும் கக்கப் பக்கமும் முதலில் போவது இதனால்தான்.

வெள்ளி நிறத்தில் சரசரவென்று ஓடுமே, ராமபாணப் பூச்சி, அதற்குக் கஞ்சிப் பசை வேண்டும். சங்கரன்கோவில், புளியங்குடிப் பக்கத்துத் தறிச் சேலையை நாம் மொடமொடவென்று கஞ்சி போட்டுக் கட்டுவோம். கட்டுவதற்குச் சரி, ஆனால் மாதக்கணக்கில் பெட்டியில் வைக்கப் போகிற சேலையைக் கஞ்சி இல்லாமல் அலசிக் காயவைத்துத்தான் வைக்க வேண்டும்.

பூச்சியைவிடப் பெரிய எதிரி ஈரம். தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், தையல் மடிப்பிலும் போர்வை ஓரத்திலும் ஈரம் நிற்கும். மழைக்காலத்தில் பூஞ்சணம் அங்கேதான் பிடிக்கும். ஆகவே பருத்தியையும் போர்வையையும் சுள்ளென்ற வெயிலில் இரண்டு பக்கமும் திருப்பிப் போடுங்கள். சூடு ஆறிய பிறகு மடியுங்கள். பட்டை மட்டும் வெயிலில் போடக் கூடாது, சாயம் வெளுத்துவிடும். நிழலில் காற்றாட விட்டால் போதும்.

ஜரிகைச் சேலையைப் பிளாஸ்டிக் கவரில் கட்டி வைப்பது நம்மில் பலருக்கு வழக்கம். தூசி படாதுதான், ஆனால் உள்ளே இருக்கிற ஈரம் வெளியே வராது, ஜரிகை கறுக்கும். பழைய வெள்ளை வேட்டித் துணியில் சுற்றி வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பிரித்து, மடிப்பை மாற்றி மடியுங்கள். ஒரே மடிப்பில் கிடந்தால் அந்தக் கோட்டிலேயே பட்டு விட்டுப்போகும்.

தகரப் பெட்டியின் அடியிலும் துணி விரியுங்கள், துருக்கறை ஏறினால் லேசில் போகாது. பெட்டியைத் தரையில் வைக்காமல் செங்கல்லோ பலகையோ போட்டு உயர்த்தி வையுங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நெல்லை, தூத்துக்குடி, தென்காசி மாவட்டங்களில் கொட்டிய மழையை யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பெய்தது. அந்த மாதிரி வெள்ளத்துக்கு நாலு செங்கல் தாங்காது. பட்டையும் பத்திரங்களையும் மழைக்காலம் முடிகிறவரை பரணில் ஏற்றிவிடுவது நல்லது.

சத்துணவு சாப்பிடுகிற 8-ஆம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு அரசு வருசத்துக்கு 4 செட் சீருடை தருகிறது. மூத்த பிள்ளைக்குச் சிறுத்துப்போனதைத் துவைத்து, பட்டன் தைத்து, அளவை ஒரு சீட்டில் எழுதித் தனி மூட்டையாக வைத்தால் இளையதுக்கு ஆகும்.

இனி அந்துருண்டைக்கு வருவோம். பாச்சை உருண்டை என்றும் சொல்வோம். கடையில் வெள்ளை வெளேரென்று விற்கிறதே, அது நாப்தலீன் என்கிற ரசாயனம். அது கரைந்து காற்றாகித் துணியில் ஏறிக்கொள்ளும். பெரியவர்களுக்கு அந்த வாடை தலைவலியோடு போகலாம். பச்சைப்பிள்ளைக்கு அப்படி இல்லை.

சில பிள்ளைகளுக்கு இரத்தச் சிவப்பணுவைக் காக்கிற ஜி6பிடி என்ற பொருள் பிறவியிலேயே குறைவாக இருக்கும். ஆண் பிள்ளைகளிடம் இது அதிகம். பார்த்தால் வெளியே தெரியாது. அந்தப் பிள்ளைக்கு நாப்தலீன் ஏறிய துணியைச் சுற்றினால் சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள்காமாலை கடுமையாகும், மூளையைக்கூடப் பாதிக்கும். ஆப்பிரிக்காவில் நைஜீரியா நாட்டிலும் குழந்தைத் துணியோடு இந்த உருண்டையைப் போட்டு வைக்கிற பழக்கம் உண்டு. அதனால் பல குழந்தைகள் பாதிக்கப்பட்டதை அங்கே மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

நம் வீடுகளில் என்ன செய்கிறோம்? மகள் பேறுகாலத்துக்கு வந்தால், மெத்தென்று இருக்கும் என்று ஆச்சியின் பழைய நூல் சேலையைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கிழித்துத் துணி போடுகிறோம். அந்தப் பெட்டியில் எத்தனை வருசமாக உருண்டை கிடந்ததோ! பிள்ளைக்கு எண்ணெய் வேறு தேய்க்கிறோம். நாப்தலீன் எண்ணெயில் கரையக்கூடியது, தோல் வழியாக இன்னும் எளிதாக உள்ளே போகும்.

ஆகவே பிள்ளைத் துணிக்குத் தனிப் பை வையுங்கள், அதில் எந்த உருண்டையும் வேண்டாம். உருண்டை கிடந்த பெட்டித் துணியைப் பிறந்த பிள்ளைக்கு எடுக்காமல் இருப்பதே நல்லது. வேறு வழியில்லை என்றால் நன்றாகத் துவைத்து, வாடை துளிகூட இல்லாமல் போகிறவரை பல நாள் வெளியில் காற்றாடப் போடுங்கள்.

"பச்சப்பிள்ளைக்கு மஞ்சள் வரத்தான செய்யும், வெயில்ல காட்டினா போயிரும்" என்று சொல்லி இருந்துவிடாதீர்கள். மஞ்சள் நாளுக்கு நாள் கூடினாலும், பிள்ளை பால் குடிக்காமல் சோர்ந்து தூங்கினாலும், மூத்திரம் கறுத்துப் போனாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். உருண்டை வைத்த துணியைப் போட்டிருந்தால் அதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

தவழ்கிற பிள்ளை மிட்டாய் என்று நினைத்து உருண்டையை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கவைக்க வேண்டாம், பால் கொடுக்க வேண்டாம். பாலில் இருக்கிற கொழுப்பு விஷத்தை இன்னும் வேகமாக ஏற்றும். 108-ஐக் கூப்பிடுங்கள். பூசைக் கற்பூரமும் இதற்கு மாற்று இல்லை, விழுங்கினால் வலிப்பு வரும்.

பூச்சிக்கு வேறு என்ன வைப்பது? நிழலில் சருகாகக் காய்ந்த வேப்பிலை, இல்லையென்றால் இடித்த வசம்பு. துணிப்பையில் கட்டி வையுங்கள். பச்சை இலை கறை பிடிக்கும். உள்ளதைச் சொன்னால் இவை பூச்சியைக் கொல்லாது, வாடையால் அண்டவிடாமல் செய்யும், அவ்வளவுதான். வாடை போனதும் மாற்ற வேண்டும். துவைப்பும் வெயிலும்தான் பெரிய மருந்து.

உங்கள் குழுவில் யார் வீட்டிலாவது பேறுகாலம் பார்க்க மகளோ மருமகளோ இருந்தால், அடுத்த கூட்டத்தில் அந்துருண்டை பற்றிய பகுதியை மட்டுமாவது சத்தமாக வாசித்துக் காட்டுங்கள்.