விளக்குப் பட்டால் விழிக்கும் மருந்து

நமது தொலைக்காட்சிக் கருத்துக்களத்தில் ஓர் அம்மா எழுந்து கேட்டார்: "கீமோ மருந்து ஏற்றினாலே எங்கள் வீட்டுக்காரருக்கு வாந்தி, காதில் ஓயாத இரைச்சல். நோய் உள்ள இடத்தை மட்டும் தாக்கும் மருந்து கிடையாதா தம்பி?"

அவருடைய கணவருக்குக் கொடுக்கப்பட்டது சிஸ்பிளாட்டின். பிளாட்டினம் என்ற உலோகம் கலந்த மருந்து. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்னெட் ரோசன்பெர்க் குழுவினர் பாக்டீரியாவில் மின்சாரம் பாய்ச்சிப் பார்த்தனர். அவை இரண்டாகப் பிரியாமல் நூல்போல் நீண்டன. காரணம் மின்சாரமல்ல, பிளாட்டினத் தகட்டிலிருந்து கரைந்து உண்டான சேர்மங்கள்! இது 1965இல் வெளியானது; 1978இல் மருந்தாக அமெரிக்கா அனுமதித்தது.

இம்மருந்து உயிரணுவின் டிஎன்ஏ ஏணியைப் பற்றி வளைத்துவிடும். உயிரணு பெருக முடியாமல் மடியும். ஆனால், நல்ல உயிரணு எது, கெட்டது எது என்று அதற்குத் தெரியாது. சிறுநீரகமும் செவியும் பாதிக்கப்படுவது அதனால்தான்.

இங்கிலாந்தின் வார்விக் பல்கலைக்கழகப் பேராசிரியர் பீட்டர் சாட்லர் குழுவினர் இதற்கு ஒரு வழி தேடினர். அவர்கள் உருவாக்கிய பிளாட்டினச் சேர்மங்கள் இருட்டில் உறங்கும். நீலம் அல்லது பச்சை ஒளி பட்டதும் விழித்து டிஎன்ஏவைப் பற்றும். ஒளி படாத உறுப்பு தப்பிக்கும். இவை இன்னும் ஆய்வுக்கூடத்தில்தான் உள்ளன.

ருத்தேனியம் என்ற உலோகம் கலந்த 'டிஎல்டி 1433' ஒரு படி முன்னே சென்றது. கனடாவில் 2017இல் சிறுநீர்ப்பைப் புற்றுநோயாளிகளிடம் இதைச் சோதிக்கத் தொடங்கினர். மருந்தைப் பைக்குள் செலுத்தி, பச்சை லேசர் ஒளி பாய்ச்சுவார்கள். இது டிஎன்ஏவைப் பற்றுவதைவிட, ஆக்சிஜனை நச்சாக மாற்றியே புற்றணுவைக் கொல்கிறது.

அப்படியென்றால் எல்லாப் புற்றுநோய்க்கும் இதுவே போதுமா? போதாது. இரவில் டார்ச்லைட்டை உள்ளங்கையால் மூடிப் பாருங்கள். சிவப்பு மட்டுமே கசியும். நீலத்தையும் பச்சையையும் இரத்தம் விழுங்கிவிடும். ஆழத்தில் உள்ள கட்டிக்கும், உடலெங்கும் பரவிய நோய்க்கும் ஒளி எட்டுவது கடினம்.

அந்த அம்மாவிடம் நான் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். வரப்போகும் ஒளியை நம்பி, கையில் உள்ள சிகிச்சையை நிறுத்திவிடாதீர்கள். வாந்தியையும் காது இரைச்சலையும் பொறுத்துக்கொண்டு மறைக்கவும் வேண்டாம். உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். வாந்திக்கு மருந்துண்டு, காதைச் சோதித்து மருந்தின் அளவையோ மருந்தையோ மாற்றவும் வழியுண்டு.