மூடிய மலையில் பனிச்சறுக்கு

பனி என்றால் நமக்குத் தெரிந்தது மார்கழி மாதத்து விடியற்காலைப் பனிதான். வெயில் ஏறினால் அது போய்விடும். ஆள் உயரத்துக்குக் கொட்டிக் கிடக்கும் பனியை நான் கண்டதில்லை. ஆயினும் நாம் வகுப்பில் படித்த சாய்தளப் பாடம் பனிமலையில் உயிர் காக்கும் பாடமாக இருப்பதை அண்மையில் படித்து வியந்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், வாசாட்ச் மலைத்தொடரில், ஆல்டா என்ற சிற்றூர் இருக்கிறது. மலையடிவாரமே கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,600 மீட்டர் உயரம். முன்பு வெள்ளிச் சுரங்கங்கள் இருந்த அவ்வூரில் 1939ஆம் ஆண்டு முதல் கம்பியில் தொங்கும் இருக்கைகள் ஆட்களை மேலே கொண்டு சேர்க்கின்றன. அவர்கள் சறுக்கி இறங்குகிறார்கள். ஏப்ரல் மாதக் கடைசியில் பருவம் முடிந்து இருக்கைகள் நின்றுவிடும். ஆனால் வானம் நாட்காட்டி பார்ப்பதில்லை. மே மாதத்திலும் புதுப்பனி கொட்டுவதுண்டு. அப்போது ஆர்வம் உள்ளவர்கள் நடந்தே ஏறிச் சறுக்குகிறார்கள்.

வழுக்குவதற்கென்றே செய்த பலகையைக் காலில் பூட்டிக்கொண்டு மேட்டில் ஏறுவது எப்படி? 20 பாகைச் சரிவில் ஒரு பொருள் வழுக்காமல் நிற்க உராய்வுக் குணகம் குறைந்தது 0.36 இருக்க வேண்டும். மெழுகு பூசிய பலகைக்கும் பனிக்கும் இடையே அது 0.1க்கும் குறைவு. ஆகவே பலகையின் அடியில் மயிர்ப் பட்டை ஒன்றை ஒட்டுகிறார்கள். ஆட்டின் முதுகைத் தலையிலிருந்து வால்வரை தடவுங்கள். பிறகு எதிர்த்திசையில் தடவுங்கள். பட்டையின் சூட்சுமம் அதுவே. முன்னே தள்ளினால் வழுக்கும். பின்னே நழுவினால் மயிர் பனியைப் பற்றிக்கொள்ளும். முற்காலத்தில் சீல் என்னும் கடல் விலங்கின் தோலைப் பயன்படுத்தினர். இன்று நைலானும் அங்கோரா ஆட்டு மயிரும் பயன்படுகின்றன. ஏறும்போது குதிகால் தூக்க வசதியாக விடுபட்டிருக்கும். உச்சியில் பட்டையை உரித்துவிட்டு, குதிகாலைப் பூட்டி, இறங்க வேண்டியதுதான்.

ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. பழைய பனி பகலில் உருகி, இரவில் உறைந்து, பளிங்குபோல் கெட்டியாகிவிடும். அதன்மேல் விழும் புதுப்பனி சரியாக ஒட்டுவதில்லை. ஒரு கிராம் பனிக்கட்டி உருக 80 கலோரி உள்ளுறை வெப்பம் வேண்டும் என்று படித்திருக்கிறோம். ஆகையால் பனி ஒரேயடியாக உருகிவிடாது. ஆனால் சிறிதளவு நீர் கசிந்தாலே போதும், துகள்களின் பிணைப்புத் தளர்ந்துவிடும். விடியற்காலையில் உறுதியாக இருந்த சரிவு நண்பகலில் பெயர்ந்து விழலாம். பெரும்பாலான பனிச்சரிவுகள் 30 முதல் 45 பாகை வரையுள்ள சரிவுகளில்தான் நிகழ்கின்றன. சறுக்குவதற்குச் சுவையான சரிவுகளும் அவையே!

பருவ காலத்தில் காவற்குழுவினர் பொழுது விடியும் முன்பே புறப்பட்டு, அபாயமான இடங்களில் வெடி வைத்துப் பனியை முன்கூட்டியே சரித்துவிடுவார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் இம்முறையை வளர்த்தவர்களில் மாண்ட்கோமரி அட்வாட்டர் முக்கியமானவர். அவர் பணிபுரிந்தது இதே ஆல்டாவில்தான். மலை மூடியபின் அந்தக் காவல் கிடையாது. ஏறுவோர் 457 கிலோஹெர்ட்சில் இயங்கும் சிறு வானொலிக் கருவி, பனியைக் குத்திப் பார்க்கும் நீண்ட கழி, மண்வாரி மூன்றையும் எடுத்துச் செல்ல வேண்டும். புதையுண்டவரை முதல் பத்து, பதினைந்து நிமிடங்களுக்குள் எடுத்தால்தான் நம்பிக்கை அதிகம். அதற்கு உடன் வந்தவரைத் தவிர வேறு யார் உதவ முடியும்?

இதையெல்லாம் என் தந்தையாரிடம் விளக்கினேன். அவர் ரயில்வேயில் கீமேன். தினமும் தண்டவாளத்தோடு நடந்து, கழன்ற சாவிகளைச் சுத்தியலால் அடித்து இறுக்குபவர். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர். உராய்வையும் உள்ளுறை வெப்பத்தையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ மூடினப்புறம் காலையில யாருப்பா போய்ப் பார்த்துட்டு வர்றது?" என்றார்.

ஒரு புத்தகம் முழுவதையும் படித்து நான் தெரிந்துகொண்டதை அவர் ஒரே கேள்வியில் கேட்டுவிட்டார். மூடிய மலையிலும் பனி அதே பனி, சரிவு அதே சரிவுதான். நமக்கு முன்னால் போய்ப் பார்த்துவிட்டு வரும் ஆள் மட்டும் இல்லை. அந்த ஆளின் வேலையை ஏறுபவரே செய்துகொள்ள வேண்டும். ரயிலில் கல்லூரிக்கு வரும் நண்பர்களே, நம் பாதையை இன்று விடியலில் யாரோ ஒருவர் நடந்து பார்த்திருக்கிறார்.