உங்களுக்குத் தெரியுமா? கியர்பாக்ஸுக்குள் திமிங்கல எண்ணெய்

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் எஞ்சினின் விசையைக் கடத்துவதும், கிளட்ச் தட்டுகளை அழுத்திப் பிடிப்பதும், சூட்டை வெளியேற்றுவதும் ஒரே எண்ணெய்தான். அமெரிக்காவில் 1970களின் தொடக்கம் வரை இதில் ஸ்பெர்ம் திமிங்கலத்தின் எண்ணெயும் கலக்கப்பட்டது. தட்டுகள் உதறாமல் பிடிக்க அது உதவியது. சட்டம் அதைத் தடுத்த பிறகே வேறு வேதிச் சேர்மங்கள் அந்த இடத்துக்கு வந்தன.

லட்சம் கிலோமீட்டர் தாண்டிய வண்டியில் முதலில் கவனிக்க வேண்டியது கியர்பாக்ஸ் எண்ணெயைத்தான். புதிதில் பெரும்பாலும் சிவப்பாக இருப்பது, நாளாக ஆகப் பழுப்பேறிக் கருகிய வாடை அடிக்கும். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது எஞ்சின் இரைந்தும் வண்டி வேகம் எடுக்காவிட்டால், தட்டுகள் வழுக்குகின்றன என்று பொருள். எண்ணெய் கலங்கிய ரோஸ் நிறத்தில் இருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே கசிந்திருக்கும். அந்த நிலையில் வண்டியை ஓட்டவே கூடாது.

அடியில் உள்ள திருகைக் கழற்றி எண்ணெயை வடித்தாலும் ஒரு பகுதிதான் இறங்கும். மிச்சம், எஞ்சின் விசையைக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரில் தங்கிவிடும். ஆகவே சில நூறு கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு மூன்று முறை மாற்றுவது வழக்கம். செலவு குறைந்த மேம்பாடுகளில் பயன் மிக்கது, ரேடியேட்டருக்கு முன்னால் பொருத்தும் தனி ஆயில் கூலர். மலையேறும், பாரம் இழுக்கும் வண்டிக்கு அவசியம் என்றே சொல்லலாம். அடியில் உள்ள திருகுக்குப் பதில் காந்தத் திருகு போட்டால் இரும்புத் துகள் அதில் ஒட்டும். மெல்லிய கரும்பசையாக இருந்தால் இயல்பான தேய்மானம். சில்லுகளாக இருந்தால் பல்சக்கரமோ பேரிங்கோ உடைகிறது. தேய்ந்துபோன தட்டுகளை எந்தப் புது எண்ணெயும் சரிசெய்யாது.