வெண்மையின் ஒரு புள்ளி, ஆண்டுக்கு 24 ரூபாய் 50 காசு

10-க்கு 12 அடி அறை, உயரம் 10 அடி. உள்ளே தட்டுகளில் லெட்யூஸும் கீரையும். மேலே 6 அடி உயரத்தில் மொத்தம் 400 வாட் எல்.இ.டி. விளக்குகள், நாளுக்கு 14 மணி நேரம் எரிகின்றன. இந்த அறைச் சுவருக்கு என்ன அடிப்பது? பெயிண்ட் கடைக்காரர் இருப்பதிலேயே விலை கூடிய டப்பாவை எடுத்து வைப்பார். வீட்டுக்குள் பயிர் வளர்க்கும் நண்பர், கண்ணாடிபோல் மின்னும் மைலார் தாளை ஒட்டச் சொல்வார். ஊரிலிருந்து வந்த பெரியவர், "சுண்ணாம்பு அடிச்சா போதாதா?" என்பார். மூவரில் யார் சொல்வது சரி என்பதைக் கணக்குதான் சொல்ல வேண்டும்.

முதலில் பரப்பளவு. சுற்றளவு 44 அடி, உயரம் 10 அடி: 440 சதுர அடி. கதவு 21, ஜன்னல் 16 கழித்தால் சுவர் 403. மேல்தளம் 120. ஆக 523 சதுர அடி.

அடுத்தது ஒளி. நல்ல எல்.இ.டி. விளக்கு ஒரு வாட்டுக்கு நொடிக்கு 2.7 மைக்ரோமோல் அளவுக்குப் பயிருக்கு ஏற்ற ஒளியைத் தரும். 400 வாட்டுக்கு 1,080. இதில் 70 சதவீதம் நேரே இலையில் விழுகிறது, 30 சதவீதம் தப்பிச் சுவருக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். சுவருக்குப் போவது 324. சுவர் திருப்பி அனுப்புவதில் பாதி இலைக்கு வந்து சேரும், மீதி தரையிலும் கூரையிலும் வீணாகும் என்றும் கொள்வோம். 30, பாதி என்ற இரண்டும் என் அனுமானங்கள். தட்டுகள் சுவரை ஒட்டி நெருக்கமாக இருந்தால் கணக்கு கூடும், அறையின் நடுவில் இருந்தால் குறையும்.

சுவரின் ஒளி திருப்பும் திறன் ஒரு புள்ளி, அதாவது 100-க்கு 1, கூடினால் இலைக்குக் கிடைப்பது 1.62 மைக்ரோமோல். அதை விளக்கிலிருந்தே வாங்குவதானால், அது முழுவதும் இலையில் விழுவதாகக் கொண்டால், 0.6 வாட் வேண்டும். நாளுக்கு 14 மணி நேரம், 365 நாள்: 3 யூனிட்டுக்குச் சற்று மேல். யூனிட் 8 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 24 ரூபாய் 50 காசு. உங்கள் மின்கட்டணம் வேறு என்றால் அதே விகிதத்தில் மாற்றிக்கொள்ளுங்கள். சுவர் விஷயத்தில் யார் எதை விற்க வந்தாலும் இந்த 24.50-ஐ வைத்துப் பெருக்கிப் பார்த்துவிட்டுப் பேசலாம்.

பூசி அப்படியே விட்ட சிமெண்ட் சுவர் 100-க்குச் சுமார் 30 திருப்பும். இளம் க்ரீம் நிறம் 70 என்று கொள்ளலாம். புதிதாக அடித்த சுண்ணாம்பு 80. கலப்பில்லாத வெள்ளை மேட் எமல்ஷன் 85. மைலார் தாள் 92. இவை ரகத்துக்கு ரகம் சில புள்ளிகள் முன்பின் போகும்.

சிமெண்ட் சுவரை வெள்ளை எமல்ஷனாக்கினால் 55 புள்ளி, ஆண்டுக்கு 1,347 ரூபாய். க்ரீமை வெள்ளையாக்கினால் 15 புள்ளி, 367 ரூபாய். வெள்ளை எமல்ஷனை விட்டு மைலாருக்குத் தாவினால் 7 புள்ளி, 171 ரூபாய். தாளும் ஒட்டும் கூலியும் சேர்த்துச் சதுர அடிக்கு 8 ரூபாய் என்றே வைத்தாலும் 403 சதுர அடிக்கு 3,224 ஆகிறது. போட்ட பணம் திரும்ப 18 ஆண்டு 10 மாதம். அத்தனை காலம் அந்தத் தாள் கசங்காமல், கீறாமல், பின்னால் ஈரம் சேர்ந்து பூஞ்சை பிடிக்காமல் இருக்க வேண்டும். அலுமினியத் தாள் இன்னும் மோசம். சுருக்கம் விழுந்த இடமெல்லாம் ஒளியைத் திட்டுத்திட்டாக வீசும். தண்ணீரும் மின்கம்பியும் சேர்ந்திருக்கும் அறையில் மின்சாரம் கடத்தும் தாளைச் சுவர் முழுக்க ஒட்டுவது புத்திசாலித்தனமும் இல்லை.

வாட் கணக்கு வேண்டாம், விளைச்சல் கணக்கு வேண்டும் என்பவர்களுக்கு: வெள்ளை எமல்ஷன் சுவர் என்றால், நேராகவும் சுவர் வழியாகவும் இலைக்கு வருவது மொத்தம் 894 மைக்ரோமோல். 4 சதுர மீட்டர் தட்டுக்கு இதை 14 மணி நேரம் கொடுத்தால் சதுர மீட்டருக்கு நாளுக்கு 11.3 மோல். லெட்யூஸுக்குப் பொதுவாகச் சொல்வது 12 முதல் 17. வெள்ளைச் சுவர் இருந்தும் கொஞ்சம் பற்றாக்குறைதான். சுவர் சிமெண்டாகவே இருந்தால் 10.1-க்கு இறங்கிவிடும். ஒளி 1 சதவீதம் கூடினால் விளைச்சலும் ஏறக்குறைய 1 சதவீதம் கூடும் என்பது நெதர்லாந்துப் பசுமைக்குடில்காரர்களின் பழைய கைக்கணக்கு. நம் கணக்கில் ஒரு புள்ளி வெண்மை 0.18 சதவீத ஒளி. சிமெண்டிலிருந்து வெள்ளைக்குப் போனால் 11 சதவீதம் லாபம், வெள்ளையிலிருந்து மைலாருக்குப் போனால் 1.3 சதவீதம்.

வெள்ளை எப்படி வெள்ளையாகிறது என்று தெரிந்தால் கடையில் பேரம் பேசவும் தைரியம் வரும். பெயிண்டில் வெண்மை தருவது டைட்டானியம் டை ஆக்சைடு. அதன் மூலப்பொருளான இல்மனைட் நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரைக் கருமணலில் கிடைக்கிறது. அங்கே இந்திய அருமணல் நிறுவனம் அதைப் பிரித்தெடுக்கிறது. கேரளத்தின் சவராவில் இதே வகைக் கனிமத்திலிருந்து வெள்ளை நிறமி தயாராகிறது. கரிய மணலிலிருந்து வரும் அந்தத் தூளின் ஒளிவிலகல் எண் 2.7. அதைச் சுவரோடு பிடித்துவைக்கும் பசை ஏறக்குறைய 1.5. இந்த இடைவெளிதான் ஒளியைத் திருப்பி அடிக்கிறது. சுண்ணாம்பு காய்ந்து ஆகும் கால்சியம் கார்பனேட்டுக்கு வெறும் 1.6. அதன் வெண்மை துகள்களுக்கு நடுவே உள்ள காற்றை நம்பியிருக்கிறது. சுண்ணாம்பு அடித்த சுவரில் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். தெளித்த இடம் உடனே மங்கிச் சாம்பலாகும், காய்ந்த பிறகு மறுபடி வெளுக்கும். காற்று இருந்த இடத்தில் நீர் புகுந்ததால் வந்த மாற்றம் அது. மலிவு டிஸ்டம்பரும் சுண்ணாம்புத் தூளை நம்பிய சரக்குதான். ஈரம் நிற்கும் அறையில் இந்த இரண்டுக்கும் மதிப்பெண் குறைகிறது.

அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் 2021-ல் பேரியம் சல்பேட் கொண்டு சூரிய ஒளியில் 98.1 சதவீதத்தைத் திருப்பும் பெயிண்ட் செய்தார்கள். கின்னஸிலும் ஏறியது. அது வெயிலில் கட்டடத்தைக் குளிர வைக்கச் செய்தது. நம் அறைக்கு 13 புள்ளி கூடுதல், ஆண்டுக்கு 319 ரூபாய், அவ்வளவுதான்.

இனி பெயிண்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டிய ஒன்று: நீலம் போடக் கூடாது. சுண்ணாம்பிலும் வெள்ளை டிஸ்டம்பரிலும் ஒரு சிட்டிகை நீலம் கலந்து "பளிச்சுனு இருக்கும் சார்" என்பது பல பெயிண்டர்களின் கைப்பழக்கம். மஞ்சள் சாயல் மறைவதால் கண்ணுக்குப் பளிச்சென்று இருப்பது உண்மை. ஆனால் நீலம் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு ஒளியை விழுங்கித்தான் அந்த வேலையைச் செய்கிறது. பயிர் விளக்குகள் சிவப்பை அள்ளிக் கொடுப்பதற்குக் காசு வாங்குகின்றன, அதைச் சுவரில் கரைப்பானேன்? கடையில் ஐவரி, ஆஃப் ஒயிட் என்று ஸ்டெயினர் கலந்து தருவதற்கும் இதே பதில்.

மேட்டா, பளபளப்பா? திருப்பும் மொத்த ஒளியில் பெரிய வேறுபாடு இல்லை, திசையில்தான் வேறுபாடு. மேட் சுவர் ஒளியை எல்லாப் பக்கமும் பரப்பும். எனாமல்போலப் பளபளப்பது ஒரே பக்கம் வீசும், ஒரு தட்டுக்கு அதிகமும் அடுத்ததற்குக் குறைவுமாகப் போகும். ஆனால் மேட்டைத் துடைத்தால் கறை பரவும். உரக் கரைசல் தெறிக்கும் அறையில் இது சின்ன விஷயம் இல்லை. கழுவத் தகுந்த மேட் அல்லது மெல்லிய பளபளப்புள்ள எமல்ஷன் நல்ல நடுவழி.

ஒளியைவிட ஈரம்தான் இந்த அறையின் பெரிய செலவு. வேர் உறிஞ்சும் நீரில் 100-க்கு 95-க்கு மேல் இலை வழியாகக் காற்றுக்குப் போய்விடும். நாளுக்கு 6 லிட்டர் பயிர் குடித்தால் 5.7 லிட்டர் ஆவி, மணிக்குச் சராசரி 240 கிராம். அறைக் காற்று 34 கன மீட்டர். 25 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று 23 கிராம் ஈரத்துக்கு மேல் தாங்காது. மொத்த அறைக்கும் 780 கிராம்தான். ஈரப்பதம் 70 சதவீதம் இருக்கும்போது மிச்சம் இருக்கும் இடம் 234 கிராம். காற்றோட்டம் இல்லாவிட்டால் ஒரே மணி நேரத்தில் அறை நிரம்பிவிடும். விளக்கணைத்ததும் குளிரூட்டி 20 டிகிரிக்கு இறக்கினால் காற்று தாங்குவது 17 கிராம். அப்போது ஈரப்பதம் 80 சதவீதம் இருந்த அறையில்கூடச் சுவரில் வியர்க்கத் தொடங்கும். முதல் கரும்புள்ளி மேல்தள மூலையில் வரும். ஓதம் ஏறிய சுவரென்றால் உப்புப் பூத்து, பட்டி பொரிந்து உதிரும். பொரிந்த தூள் விழுவது கீரைத் தட்டில்.

ஆகவே பெயிண்டுக்கு முந்தைய வேலைதான் முக்கியம். கரும்புள்ளி இருந்தால் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரால் கழுவிக் காயவிட வேண்டும். புதுப் பூச்சு என்றால் 28 நாள் பொறுக்க வேண்டும், சிமெண்டின் காரம் அதற்குள் ஓரளவு அடங்கும். பிறகு காரம் தாங்கும் பிரைமர். பட்டி அவசியமான இடத்தில் மட்டும், அதுவும் சிமெண்ட் பட்டி. வீடு பழையது, சுவரில் எனாமல் இருக்கிறது என்றால் உலர்ந்த உப்புத்தாளால் தேய்க்கவே கூடாது. இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.-க்கு மேல் இருக்கக் கூடாது என்ற 2016-ஆம் ஆண்டு விதி 1 நவம்பர் 2017-ல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய சுவரை நனைத்துத் தேய்த்து, தூளைத் துணியால் ஒற்றி எடுங்கள்.

அளவு எவ்வளவு? ஒரு லிட்டர் பெயிண்டை 100 மைக்ரான் ஈரப்படலமாக விரித்தால் சரியாக 10 சதுர மீட்டர், அதாவது சுமார் 108 சதுர அடி. இரண்டு கோட்டுக்கு இந்தத் தடிமனே போதும். டப்பாவில் அச்சிட்டிருக்கும் பெரிய எண்கள் வழவழப்பான சுவருக்கானவை. லிட்டருக்கு 100 சதுர அடி என்று போட்டால் 5.2 லிட்டர். சிந்தல் சிதறல் 10 சதவீதம் சேர்த்து 5.75. வாங்குவது 6 லிட்டர்: ஒரு 4 லிட்டர் டப்பா, இரண்டு 1 லிட்டர் டப்பா. கீழே உள்ள விலைகள் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை, உங்கள் கடையில் மாறும்.

வெள்ளை எமல்ஷன் 6 லிட்டர், 250 வீதம்: 1,500
பிரைமர் 5 லிட்டர், 130 வீதம்: 650
பட்டி 10 கிலோ, 30 வீதம்: 300
ரோலர், பிரஷ், உப்புத்தாள்: 400
பிளீச்சிங் பவுடர் முதலியன: 150
கூலி 523 சதுர அடி, 10 வீதம்: 5,230
மொத்தம்: 8,230

கூலிதான் 100-க்கு 64. பெயிண்ட் 18. கடையில் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து 200 ரூபாய் குறைக்கப் பாடுபடுபவர்கள் இந்த வரியை இன்னொரு முறை படிக்கலாம்.

550 ரூபாய் எமல்ஷன் என்றால் கூடுதல் செலவு 1,800. 3 புள்ளி வெண்மை கூடுகிறது என்று தாராளமாகக் கொடுத்தாலும் ஆண்டுக்கு 73.50-தான். வெண்மைக்காக அதை வாங்குவது நஷ்டம். கழுவலாம் என்பதற்காக வாங்குவது வேறு கணக்கு. விளக்கு 6 அடியில் இருப்பதால் நேரடி ஒளியும் தெறிப்பும் படுவது தரையிலிருந்து 7 அடி வரைதான்: 271 சதுர அடி, 3 லிட்டர். அங்கே மட்டும் உயர்ந்த ரகம் போட்டால் கூடுதல் 900 ரூபாய். சாதா எமல்ஷன் அந்தப் பட்டையில் 3 ஆண்டும், கழுவும் ரகம் 5 ஆண்டும் தாங்கினால் கூலியில் மட்டும் ஆண்டுக்கு 361 ரூபாய் மிச்சம். மேலே உள்ள 3 அடிக்கும் மேல்தளத்துக்கும் வெண்மையோ கழுவலோ தேவையில்லை, பூஞ்சைத் தடுப்புதான் தேவை. அந்த 252 சதுர அடிக்குப் பூஞ்சைத் தடுப்புச் சேர்த்த சாதா எமல்ஷன் 3 லிட்டர் போதும்.

பெரியவரின் சுண்ணாம்பை ஒதுக்கிவிட வேண்டாம். 5 புள்ளி குறைவு, ஆண்டுக்கு 122 ரூபாய்தான் இழப்பு. 10 கிலோ சுண்ணாம்பு 250 ரூபாய்க்குள் முடியும், அதன் காரத்தில் பூஞ்சை எளிதில் பிடிக்காது. பூச்சு மட்டும் கண்ட கொட்டகைச் சுவர், நீங்களே அடிப்பீர்கள், ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பீர்கள் என்றால் அதுவே லாபம். பழைய எமல்ஷன் மேல் அடித்தால் மட்டும் ஒட்டாது, உதிரும். தோள் உரசினால் சட்டையில் ஒட்டுவது தட்டிலும் விழும்.

அடித்த பிறகும் ஒரு வேலை இருக்கிறது. தூசும் பாசியும் படிந்து 5 புள்ளி போனால் அந்த 122 ரூபாய் சத்தமில்லாமல் போகும். கைப்பேசியில் லக்ஸ் அளக்கும் செயலியை வைத்துச் சுவரோடு ஒட்டி விளக்கைப் பார்க்கப் பிடித்து ஒரு அளவு எடுங்கள். பிறகு சுவரைப் பார்க்கத் திருப்பி, ஒரு அடி தள்ளி, நிழல் விழாமல் இன்னொரு அளவு. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் வருவது தோராயமான எண். அது துல்லியமாக இருக்காது. மாதம் ஒருமுறை அதே இடத்தில் எடுத்தால் இறங்குகிறதா என்பது தெரிந்துவிடும்.

என் தீர்ப்பு: 7 அடி வரை கழுவத் தகுந்த மேட் வெள்ளை, அதற்கு மேல் பூஞ்சைத் தடுப்புள்ள சாதா வெள்ளை, இரண்டிலும் ஸ்டெயினர் வேண்டாம், நீலம் வேண்டாம். மொத்தம் 9,130 ரூபாய். மைலாருக்கு எடுத்துவைத்த 3,224 ரூபாயில் முதலில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் வாங்குங்கள்.