ஒரு பயணச்சீட்டின் பின்னால்

தொடர்வண்டி முன்பதிவு ஒரு காலத்தில் பேரேடுகளை நம்பியிருந்தது. எழுத்தர் உரிய ஏட்டைப் புரட்டி, காலியாக உள்ள படுக்கைக்கு எதிரே பயணியின் பெயரைக் கையால் எழுதுவார். அவ்வேடு வேறொருவரிடம் இருந்தால் வரிசை முழுவதும் காத்திருக்கும். திரும்பிவரும் பயணத்திற்குத் தந்தி கொடுத்து இடம் கேட்க வேண்டும்.

1985ஆம் ஆண்டின் இறுதியில் புதுதில்லியில் கணினி முன்பதிவு தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் நகரங்களும் கணினிகளைப் பெற்றன. ஒவ்வொன்றும் தன்னளவில் நன்றாகவே இயங்கியது. ஆயினும், தில்லிக் கணினி வைத்திருந்த இருக்கைக் கணக்கைச் சென்னைக் கணினி அறியாது. பேரேடுகள் மறைந்தன, ஊர்களுக்கு இடையிலான சுவர்கள் மறையவில்லை.

ஒரு நிறுவனத்தின் பணிகள், அவற்றுக்கு வேண்டிய தரவுகள், தரவுகளைக் கையாளும் மென்பொருள்கள், இவற்றைத் தாங்கும் கணினிகளும் வலையமைப்பும் ஆகிய நான்கையும் ஒருங்கே வைத்துத் திட்டமிடுவதை நிறுவனக் கட்டமைப்பியல் என்பர். ஜான் சாக்மன் என்னும் அமெரிக்கர் 1987இல் எழுதிய கட்டுரை இத்துறைக்கு வித்திட்டது. கட்டடக்கலைஞரின் வரைபடங்களையே அவர் உவமையாகக் கொண்டார். எந்தக் கணினியை வாங்குவது என்பது இவ்வரிசையில் கடைசிக் கேள்வி. அதையே முதற்கேள்வியாகக் கேட்டுப் பொருளை இழந்த நிறுவனங்கள் பல.

தொடர்வண்டித் துறையின் தகவல் முறைமை மையமான கிரிஸ், ‘கான்சர்ட்’ என்னும் மென்பொருளை உருவாக்கியது. அது 1994இல் செகந்திராபாத்தில் நடைமுறைக்கு வந்தது. 1999இல் ஐந்து நகரங்களும் ஒரே வலையில் இணைந்தன. எவ்வூரிலிருந்தும் எவ்வூருக்கும் சீட்டு வழங்குவதே பணி. இதற்கு, ஒரு வண்டியின் கணக்கு ஐந்து மையங்களுள் ஒன்றில் மட்டுமே இருக்க வேண்டும். மற்றவை அதனிடம் கேட்டுப் பெற வேண்டும். மதுரையில் ஒருவரும் கான்பூரில் ஒருவரும் எஞ்சிய ஒரே படுக்கையை ஒரே நொடியில் கேட்டாலும் ஒருவருக்கே அது கிடைக்கும். பணம் செலுத்தும்போது இணைப்பு அறுந்தால், அப்பதிவு முழுமை பெற வேண்டும்; இல்லையேல் முற்றிலும் நீங்க வேண்டும். பாதியில் நின்ற பதிவு, ஒரே படுக்கைக்கு இருவரை அனுப்பிவிடும். இத்தேவைகளே மாற்றுத் தகவல்தொடர்புத் தடம் எங்கு வேண்டும், மின்தடையை எவ்வளவு நேரம் தாங்க வேண்டும் என்பவற்றை முடிவு செய்கின்றன.

2002இல் இணையவழி முன்பதிவு வந்தபின் அளவைக் கணிப்பது கடினமாயிற்று. ஏரிக்குக் கலிங்கு கட்டுவோர் ஆண்டின் சராசரி மழையைக் கொண்டு அதன் அகலத்தை அளப்பதில்லை. பெருவெள்ளம் வரும் நாளையே கருதுவர். முன்பதிவில் அவ்வெள்ளம் தட்கல் விற்பனை தொடங்கும் வேளை: குளிர்சாதன வகுப்புகளுக்குக் காலை 10 மணி, மற்றவற்றுக்கு 11 மணி. இந்த வேளைக்கென வாங்கிய கணினிகள் நள்ளிரவில் பெரும்பாலும் சும்மா இருக்கும். அச்செலவு வீண் என்று கணக்கர் சொல்லக்கூடும். வேண்டும்போது மட்டும் கணினித்திறனை வாடகைக்கு எடுக்கும் வழியும் இன்று உண்டு. ஆனால், முகப்பில் எத்தனை கணினிகளைச் சேர்த்தாலும் ஒரு வண்டியின் கணக்கு ஓரிடத்தில்தான் இருக்கிறது. அந்த இடம் விரைவு பெறாவிட்டால், வாசலில் இருந்த வரிசை உள்ளே இடம் மாறும், அவ்வளவே. நோயுற்ற தாயைக் காண அன்றே புறப்பட வேண்டிய ஒருவர், சுழலும் வட்டத்தைத் திரையில் பார்த்தபடி காத்திருப்பது அந்த வரிசையில்தான்.