பாஸ் மீனும் மூன்று நரம்புகளும்

1932 ஜூன் 2. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், ஆக்மல்கி ஆற்றை ஒட்டிய மான்ட்கோமரி ஏரியில் ஜார்ஜ் பெர்ரி என்ற இருபது வயது இளைஞரின் தூண்டிலில் ஒரு பாஸ் மீன் சிக்கியது. எடை 22 பவுண்டு 4 அவுன்ஸ், அதாவது பத்து கிலோவுக்குச் சற்று மேல். பொருளாதார வீழ்ச்சிக் காலம் அது. எடை போட்டுப் பதிந்துகொண்ட கையோடு மீன் வீட்டுக்குப் போய்ச் சாப்பாடாகிவிட்டது. அந்தச் சாதனையை இன்னொருவர் எட்ட 77 ஆண்டுகள் ஆயின. 2009 ஜூலை 2 அன்று ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிடா பிடித்த மீன் அதைவிட ஓர் அவுன்ஸ்கூட முழுதாக அதிகமில்லை. பழைய சாதனையை முறியடிக்க இரண்டு அவுன்ஸாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்பது விதி. அதனால் இரண்டு பெயர்களும் இன்றுவரை சமமாகவே நிற்கின்றன.

மீனின் எடையில் மாற்றமில்லை. ஆனால் மீனுக்கும் மனிதருக்கும் நடுவே இருக்கும் தூண்டில் நரம்பு இந்த இடைவெளியில் தலைகீழாக மாறிவிட்டது. இன்று ஒரு பாஸ் தூண்டில்காரர் கடைக்குப் போனால் நைலான், ஃப்ளோரோகார்பன், பின்னல் நரம்பு என்று மூன்று வகைகளுக்கு முன்னால் நிற்பார். பெர்ரி மீன் பிடித்த நாளில் இந்த மூன்றில் ஒன்றுகூட இன்றைய வடிவில் உலகத்தில் கிடையாது. பட்டிலும் லினனிலும் முறுக்கியோ பின்னியோ செய்த கயிறுகள்தான். அவற்றை அன்றாடம் பிரித்துக் காயவைக்காவிட்டால் மக்கிப்போகும்.

பெர்ரியும் குரிடாவும் பிடித்தது லார்ஜ்மவுத் பாஸ், வட அமெரிக்காவின் நன்னீர் மீன். பச்சை உடம்பு, பக்கத்தில் கறுப்புப் பட்டை, கண்ணைத் தாண்டிக் கிழிந்த பெரிய வாய். நம் கொடுவாவுக்கும் இதற்கும் உறவில்லை. 1925-இல் இந்த பாஸை ஜப்பானின் ஆஷி ஏரியில் கொண்டுவந்து விட்டார்கள். அங்கிருந்து பரவி, உள்ளூர் மீன்களைத் தின்று தீர்த்து, இன்று அந்நாட்டுச் சட்டப்படி ஆக்கிரமிப்பு உயிரினம் என்ற பட்டியலில் இருக்கிறது. (சாதனை மீன் கிடைத்த ஏரியிலேயே அது வேண்டாத விருந்தாளி என்பது தனிக்கதை.)

நரம்பைப் பற்றிப் பேச இதன் குணம் ஒன்றைத் தெரிந்துகொண்டால் போதும். பாஸ் துரத்திப் பிடிக்கும் மீன் அல்ல, பதுங்கிப் பிடிப்பது. நீர்ச்செடிகளுக்கு அடியிலோ மூழ்கிய மரத்தின் கிளைகளுக்கு நடுவிலோ அசையாமல் நிற்கும். இரை பக்கத்தில் வந்ததும் வாயைச் சடாரெனத் திறந்து தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சும். உள்ளே போனது ரப்பர் புழு என்று தெரிந்தால் அதே வேகத்தில் துப்பிவிடும். அந்த இடைவெளிக்குள் கரையில் நிற்பவருக்குச் சேதி போய்ச் சேர வேண்டும். ஆகவே இங்கே நரம்பின் வேலை மீனை இழுப்பது மட்டுமல்ல, கொத்தியதைச் சொல்வதும்தான்.

முதலில் நைலான். டூபாண்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸின் குழு 1935-இல் உருவாக்கியது. 1938-இல் பல் துலக்கும் பிரஷ்ஷுக்கு முடியாக வந்தது, 1940-இல் பெண்களின் காலுறையாக அமெரிக்காவைக் கலக்கியது, தூண்டிலுக்கும் வந்து சேர்ந்தது. நம் கடற்கரைக் கடைகளில் நரம்பு என்று கேட்டாலும், ஈழத்தில் தங்கூசி என்று கேட்டாலும் எடுத்துத் தருவது இந்த ஒற்றை இழையைத்தான்.

நைலானின் பலமும் பலவீனமும் ஒரே இடத்திலிருந்து பிறக்கின்றன. அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை அக்கம்பக்கமாகப் பிடித்து வைப்பவை ஹைட்ரஜன் பிணைப்புகள். தண்ணீர் மூலக்கூறுக்கும் அதே பிணைப்பில் ஆசை உண்டு. நரம்பு ஏரியில் ஊற ஊற, தண்ணீர் உள்ளே நுழைந்து சங்கிலிகளின் கைகளைப் பிரித்துத் தன்னோடு கோத்துக்கொள்ளும். நைலான் தன் எடையில் எட்டு ஒன்பது சதவீதம் வரை நீரைக் குடிக்கக்கூடியது. ஊறிய நரம்பு மிருதுவாகும், கூடுதலாக நீளும், பலத்தில் ஒரு பங்கை இழக்கும். சாதனைப் பதிவுக்கு வரும் நரம்பை நனைத்த பிறகே சோதிப்பதற்குக் காரணம் இதுதான்.

நீட்சியை வெறும் குறை என்று ஒதுக்கவும் முடியாது. நைலான் அறுவதற்கு முன் இருபது சதவீதத்துக்கு மேல் நீளும். முப்பது மீட்டர் தள்ளி ஒரு மீன் கொத்துகிறது, நீங்கள் ராடைச் சுண்டி இழுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நரம்பு வெறும் ஐந்து சதவீதம் நீண்டாலே ஒன்றரை மீட்டர் போயிற்று. உங்கள் வீச்சில் பெரும்பகுதியை நரம்பே விழுங்கிவிட, முள் மீனின் வாயில் ஏறியிருக்காது. அதுவே மீன் படகருகே வந்து தலையை உதறித் துள்ளும்போது, அந்த நீட்சிதான் அதிர்ச்சியை வாங்கிக்கொண்டு சின்ன முட்கள் பிய்ந்து வராமல் காப்பாற்றும். மூன்று கவட்டு முட்கள் தொங்கும் செயற்கை மீன்களை வீசுகிறவர்கள் இன்னமும் நைலானை விடாததன் ரகசியம் இது.

அடுத்தது ஃப்ளோரோகார்பன். இதன் சரியான பெயர் பாலிவினைலிடின் ஃப்ளோரைடு. ஜப்பானின் குரேஹா நிறுவனம் 1971-இல் சீகுவார் என்ற பெயரில் இதைத் தூண்டிலுக்குக் கொண்டுவந்தது. டப்பாவின் மேல் பெரிய எழுத்தில் இருக்கும் வாக்குறுதி: தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாது.

இந்த இடத்தில் கொஞ்சம் கணக்குப் போடலாம். ஒளி ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குள் போகும்போது இரண்டின் ஒளிவிலகல் எண்ணும் எவ்வளவு வேறுபடுகிறதோ அவ்வளவு தெறிக்கும். தண்ணீருக்கு 1.33, ஃப்ளோரோகார்பனுக்கு 1.42, நைலானுக்கு 1.53 அளவில். ஃப்ளோரின் அணு தன் எலக்ட்ரான்களை இறுகப் பிடித்துக்கொள்வதால் ஒளி அவற்றை அதிகம் அசைக்க முடிவதில்லை. எண் குறைவாக இருப்பதற்கு அதுவே காரணம். நேராக விழும் ஒளியில் நைலான் சுமார் 0.5 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது, ஃப்ளோரோகார்பன் 0.1 சதவீதத்தை. ஐந்தில் ஒரு பங்கு என்பது நல்ல முன்னேற்றம்தான். ஆனால் குறைவாகத் தெரிவதும் தெரியாமலே போவதும் ஒன்றல்ல. இரண்டு எண்களும் சமமாக இருந்தால்தான் பொருள் மறையும், இங்கே சமமில்லை. விளம்பரக்காரர்கள் மீனின் கண்ணைவிட வாங்குபவரின் கண்ணைத்தான் அதிகம் நம்புகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதைவிடப் பெரிய கூத்து சிவப்பு நரம்பு. தண்ணீருக்கடியில் முதலில் மறையும் நிறம் சிவப்பு, ஆகவே சிவப்பு நரம்பு மீனுக்குத் தெரியாது என்று விற்கிறார்கள். முதல் பாதி உண்மை. ஆனால் சிவப்பு ஒளி மங்கிய ஆழத்தில் சிவப்பு நரம்பு காணாமல் போகாது, கறுப்பாகத் தெரியும். பாஸ் அதிகம் திரிவதோ கரையோர ஆழமற்ற நீரில், அங்கே சிவப்பு ஒளிக்குப் பஞ்சமில்லை. போதாக்குறைக்கு, இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்தபோது பாஸ் நன்றாகப் பிரித்தறிந்த நிறங்கள் சிவப்பும் பச்சையும். வெளிர்மஞ்சள் பச்சையையும் வெள்ளையையும்தான் அது குழப்பிக்கொண்டது. கறுப்புக்கும் கருநீலத்துக்கும் அதே கதி.

ஃப்ளோரோகார்பனின் நிஜமான பெருமை வேறு. நீரைக் குடிக்காது, வெயிலில் நைலானைப் போல நைந்துபோகாது, பாறையில் உரசினால் தாங்கும். அடர்த்தி 1.78 என்பதால் விறுவிறுவென மூழ்கும். ஏரியின் தரையைத் தொட்டு இழுக்க வேண்டிய இரைகளுக்கு இது வரம், மிதக்கும் இரைக்குச் சாபம், மூக்கைப் பிடித்துக் கீழே இழுத்துவிடும். நீளவே நீளாது என்று சொல்லப்படுவதையும் நம்பாதீர்கள். கடுமையாக இழுத்தால் இதுவும் நீளும், நீண்ட பிறகு பழைய நிலைக்கு முழுதாகத் திரும்பாது.

மூன்றாவது பின்னல் நரம்பு. கடைக்காரர் காய்கறி போட்டுத் தரும் கவர் எதனால் ஆனதோ அதே பாலிஎத்திலீன்தான் இதுவும். கவரைக் கையால் கிழித்துவிடலாம், இந்த நரம்போ விரலை அறுக்கும். வித்தியாசம் சங்கிலிகளின் நீளத்திலும் ஒழுங்கிலும் இருக்கிறது. சாதாரண பாலிஎத்திலீனில் சங்கிலிகள் இடியாப்பம்போலச் சிக்கிக் கிடக்கும். 1970-களின் கடைசியில் நெதர்லாந்தின் டி.எஸ்.எம். நிறுவனத்தில் பால் ஸ்மித்தும் பீட் லெம்ஸ்ட்ராவும் மிக நீண்ட சங்கிலிகளைக் கரைப்பானில் கரைத்து, கூழாக்கி, பல மடங்கு இழுத்து, எல்லாவற்றையும் ஒரே திசையில் நிமிரவைத்தார்கள். அப்படி வந்த இழைக்கு டைனீமா என்று பெயர், அமெரிக்காவில் ஸ்பெக்ட்ரா. எடைக்கு எடை எஃகைப் பல மடங்கு மிஞ்சும். குண்டு துளைக்காத உடைகளுக்குப் போகும் இழையை நான்காகவோ எட்டாகவோ பின்னினால் தூண்டில் நரம்பு.

எட்டு பவுண்டு நைலானின் தடிமனில் முப்பது பவுண்டு பின்னல் கிடைக்கிறது. அறுவதற்குள் மூன்று நான்கு சதவீதம்தான் நீளும் என்பதால் தூரத்து மீன் லேசாகத் தொட்டாலும் விரலுக்குத் தெரியும். அடர்த்தி 0.97, ஆகவே மிதக்கும். அல்லி இலைகள் மூடிய குளத்தின் மேல் பிளாஸ்டிக் தவளையைத் துள்ளவைத்து, கொத்திய பாஸைச் செடிகளோடு சேர்த்துப் பிடுங்கி எடுக்க இதை விட்டால் வேறு நரம்பில்லை. தண்டுகளை அது அறுத்துக்கொண்டே வரும். மறுபக்கம், ஒளி ஊடுருவாது, தெளிந்த நீரில் பட்டவர்த்தனமாகத் தெரியும். காற்றில் சுற்றிக்கொண்டால் பிரிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். வழுவழுப்பானதால் ரீலின் வெற்று உருளையில் பிடிப்பில்லாமல் மொத்தச் சுருளும் வழுக்கிச் சுழலும், அடியில் சில சுற்று நைலான் போட்டுத்தான் இதைச் சுற்ற வேண்டும்.

எந்த நரம்பானாலும் பெரும்பாலும் அறுவது முடிச்சில்தான். பழகிய கைகள் முடிச்சை இறுக்கும் முன் அதை வாயில் வைத்து எச்சிலால் நனைப்பதைப் பார்க்கலாம். உலர்ந்தபடி வெடுக்கென இழுத்தால் நரம்போடு நரம்பு உரசிச் சூடேறும். ஃப்ளோரோகார்பனில் அந்தத் தடம் வெளிறிய சுருக்கமாகக் கண்ணுக்கே தெரியும், மீன் இழுக்கும்போது விட்டுப்போவதும் அங்கேதான். பின்னலுக்குச் சூட்டைவிட வழுக்கல்தான் எதிரி. அதற்கு பாலோமர் முடிச்சு போடுவார்கள்: நரம்பை இரட்டையாக மடித்து முள்ளின் காதுக்குள் விட்டு, தளர்வாக ஒரு முடி போட்டு, மிஞ்சிய வளையத்துக்குள் முள்ளையே நுழைத்து இறுக்குவது. மீன் தப்பிய பிறகு நரம்பின் நுனியைப் பாருங்கள். பன்றிவால்போலச் சுருண்டிருந்தால் அது அறுந்ததல்ல, முடிச்சு அவிழ்ந்தது.

டப்பாவில் போட்டிருக்கும் பவுண்டுக் கணக்கை வைத்து மட்டும் ஒப்பிடாதீர்கள். பத்து பவுண்டு என்று எழுதியதை அதற்கு மேலும் தாங்கும்படி தடிமனாகச் செய்கிற நிறுவனங்கள் உண்டு. மில்லிமீட்டரில் உள்ள விட்டத்தைப் பார்த்து வாங்குங்கள். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நைலானே போதும், விலை குறைவு, தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும், ஆண்டுக்கொரு முறை மாற்றினால் சரி. செடி மண்டிய நீருக்குப் பின்னல். தெளிந்த நீருக்கு அதே பின்னலின் நுனியில் இரண்டு மீட்டர் ஃப்ளோரோகார்பன் முடிந்துகொண்டால் ரீல் முழுக்க அதைச் சுற்றும் செலவும் மிச்சம்.